வாழை நாற்று வளர்ப்பு ஊடகம்

வாழை நாற்று வளர்ப்பு ஊடகம் என்பது வாழையையும் சமையல் வாழையையும் இனப்பெருக்கம் செய்யும்போது கிழங்கு, மொட்டு, இளம் நாற்று ஆகியவற்றைத் தாங்கி, அவற்றுக்கு நீர், காற்று, ஊட்டம் ஆகியவற்றை வழங்கும் பொருள் அல்லது பொருட்களின் கலவை ஆகும். மண், ஆற்று மணல், மரத்தூள், தென்னைநார்க் கழிவு, உமி, மட்கிய எரு போன்ற திண்மப் பொருட்களும், இழைய வளர்ப்பில் பயன்படும் அகார்க் கூழ், திரவக் கரைசல் என்பனவும் இதில் அடங்கும். வாழைக்கு விதை இல்லாமையால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் உடற்பகுதியில் இருந்தே உருவாக்கப்படுகின்றது. எனவே நாற்று எந்த ஊடகத்தில் வளர்ந்தது என்பது, அதன் வளர்ச்சியை மட்டுமன்றி, அது தோட்டத்துக்குள் கொண்டுசெல்லும் நோய்களையும் தீர்மானிக்கின்றது.

பின்னணி

இன்று பயிரிடப்படும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா என்னும் இரண்டு காட்டு இனங்களில் இருந்து தோன்றியவை. இவற்றுட் பல மும்மடிய நிறப்புரித் தொகுதி கொண்டவை. கருக்கட்டல் இன்றியே காய்ப்பதால் இவற்றின் பழங்களில் முளைக்கக்கூடிய விதைகள் உருவாவதில்லை. ஆகவே உழவர்கள் தொன்றுதொட்டுத் தாய்மரத்தின் அடியில் தோன்றும் பக்கக் கன்றுகளைப் பெயர்த்து நட்டு வந்துள்ளனர்.

பக்கக் கன்றுகள் இரு வகைப்படும். ஒடுங்கிய, வாள் போன்ற இலைகளும் பருத்த அடிக்கிழங்கும் உடையவை ஈட்டிக் கன்றுகள். அகன்ற இலைகளும் சிறிய கிழங்கும் உடையவை நீர்க்கன்றுகள். இவற்றுள் ஈட்டிக் கன்றுகளே நடவுக்கு ஏற்றவை எனக் கருதப்படுகின்றன.

இம்முறையில் இரண்டு குறைபாடுகள் உள்ளன. முதலாவது எண்ணிக்கை. தாய்மரத்தின் வளர்நுனி உயிருடன் இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைக்கின்றது. நுனி ஆதிக்கம் எனப்படும் இப்பண்பு, ஆப்பிரிக்காவில் விரும்பி உண்ணப்படும் கொம்பு வகைச் சமையல் வாழைகளில் மிகுந்து காணப்படுகின்றது. இதனால் ஒரு மரத்தில் இருந்து நடவுக்குத் தக்க கன்றுகள் சிலவே கிடைக்கின்றன. இரண்டாவது தூய்மை. பெயர்த்தெடுத்த கிழங்குடன் கிழங்குக் கூன்வண்டின் முட்டைகளும் புழுக்களும், வேரைத் துளைக்கும் நூற்புழுக்களும், வாடல் நோய்ப் பூஞ்சையும், வைரசுகளும் சேர்ந்தே புதிய தோட்டத்தை அடைகின்றன. இவ்விரு குறைகளையும் போக்கும் முயற்சிகளின் விளைவாகவே, வயல் மண்ணுக்கு வெளியே தனி ஊடகங்களில் வாழையைப் பெருக்கும் முறைகள் தோன்றின.

ஊடகத்தின் பண்புகள்

காற்றும் நீரும்

வாழை வேர்கள் சதைப்பற்றுள்ளவை; நீர் தேங்கினால் விரைவில் அழுகக்கூடியவை. அதே வேளை, பரந்த இலைகளினூடாக நீரை மிகுதியாக இழக்கும் இப்பயிரின் நாற்று நீர்ப்பற்றாக்குறையையும் தாங்காது. எனவே நல்ல ஊடகம் ஒன்றில் நீரைப் பிடித்து வைக்கும் நுண்ணிய இடைவெளிகளும், நீர் வடிந்தபின் காற்று நிறையும் பெரிய இடைவெளிகளும் சேர்ந்திருக்க வேண்டும். வயலில் நன்றாக இருக்கும் மண், சிறிய பையில் அடைக்கப்பட்டபோது நீரை வடிக்காமல் இறுகிவிடுவது வழக்கம். கொள்கலத்தின் ஆழம் குறையக் குறைய, அதன் அடியில் நீர் தேங்கும் பகுதியின் பங்கு கூடுவதே இதற்குக் காரணம். குழித்தட்டுகளில் மண்ணைத் தவிர்த்து, இலேசான பொருட்களைப் பயன்படுத்துவது இதனாலேயே ஆகும்.

அமில காரத் தன்மையும் உப்பும்

வாழை நாற்றுகளுக்கு அமில காரச் சுட்டெண் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை உள்ள, சற்றே அமிலத் தன்மை கொண்ட ஊடகம் பொருத்தமானது. வாழை உப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்த பயிர். ஊடகத்தில் சோடியமும் குளோரைடும் மிகுந்தால் இலை விளிம்புகள் கருகும். வேர் நுனிகள் பழுப்பாகும்.

கரிம நைதரசன் விகிதம்

மரத்தூள், பச்சைத் தென்னைநார்க் கழிவு போன்றவற்றில் கரிமம் மிகுதியாகவும் நைதரசன் மிகக் குறைவாகவும் உள்ளன. இவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான நைதரசனைச் சுற்றுப்புறத்தில் இருந்து எடுத்துக்கொள்வதால், செடிக்குக் கிடைப்பது குறைகின்றது. இலைகள் வெளிறி மஞ்சளாகின்றன. மட்கச் செய்வதன் மூலம் இவ்விகிதத்தைக் குறைக்கலாம். எனினும் எல்லாக் கட்டங்களிலும் இது குறையாக இருப்பதில்லை. கிழங்கில் இருந்து மொட்டு முளைக்கும் கட்டத்தில் கிழங்கின் சேமிப்பே உணவாகின்றது. அப்போது ஊடகம் ஊட்டம் தரவேண்டிய தேவை இல்லை. நாற்று கிழங்கில் இருந்து பிரிக்கப்பட்ட பின்னரே ஊட்டமுள்ள ஊடகம் தேவைப்படுகின்றது. பெருக்கத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு ஊடகம் பயன்படுவதன் அடிப்படை இதுவே.

தூய்மை

ஊடகம் நூற்புழு, பூஞ்சை, களைவிதை ஆகியன அற்றதாக இருக்க வேண்டும். பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் பூஞ்சை, தடித்த சுவருடைய வித்துகளாக மண்ணில் பல பத்தாண்டுகள் உயிருடன் இருக்கக்கூடியது. ஆகவே வாழை பயிரிடப்பட்ட நிலத்தின் மண்ணை நாற்றுப் பைகளில் நிரப்புவது தவிர்க்கப்படுகின்றது.

பெருக்க முறைகளும் அவற்றுக்குரிய ஊடகங்களும்

கிழங்குத் துண்டு முறை

பெரிய கிழங்கை, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மொட்டு இருக்குமாறு துண்டுகளாக வெட்டி, மேட்டுப்பாத்தியிலோ பைகளிலோ முளைக்கவிடுவது எளிய முறையாகும். வெட்டுப்பரப்பு பெரிதாக இருப்பதால் அழுகல் எளிதில் ஏற்படும். எனவே துண்டுகள் நிழலில் உலர்த்தப்பட்டு, நன்கு நீர் வடியும் மணற்பாங்கான ஊடகத்திலோ மரத்தூளிலோ புதைக்கப்படுகின்றன.

மரத்தூள் படுக்கை முறை

கிழங்கைத் துண்டாக்காமல், அதன் உறங்கு மொட்டுகளைத் தூண்டி ஒரே கிழங்கில் இருந்து பல நாற்றுகளைப் பெறும் முறை பேரளவுப் பெருக்கம் எனப்படுகின்றது. இவற்றுட் பெரிதும் அறியப்பட்டது, மத்திய ஆப்பிரிக்க நாடான கமரூனில், நியோம்பே என்னும் இடத்தில் உள்ள ஆப்பிரிக்க வாழை ஆய்வு மையத்தில் (கார்பாப்) உருவாக்கப்பட்ட முறையாகும். பிரெஞ்சு மொழிப் பெயரின் முதலெழுத்துகளால் இது 'பி.ஐ.எஃப்.' முறை என அழைக்கப்படுகின்றது. மொயீசு குவா என்னும் ஆய்வாளர் இதனை 2003 ஆம் ஆண்டில் ஆய்விதழ் ஒன்றில் விரிவாக வெளியிட்டார். ஆய்வுக்கூடம், மின்சாரம், விலையுயர்ந்த வேதிப்பொருட்கள் ஆகியன இன்றிச் சிற்றூர்களிலேயே செய்யக்கூடியது என்பதால், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இம்முறை பரவியது.

இதன் படிமுறைகள் பின்வருமாறு:

1. நோயற்ற தாய்மரத்தில் இருந்து ஈட்டிக் கன்று பெயர்க்கப்பட்டு, மண் கழுவப்படுகின்றது. வேர்களும், கிழங்கின் மேற்பரப்பும் வெள்ளை நிறம் தெரியும்வரை சீவப்படுகின்றன. கூன்வண்டு துளைத்த தடமோ பழுப்புக் கறையோ உள்ள கிழங்குகள் ஒதுக்கப்படுகின்றன.
2. இலையுறைகள் ஒவ்வொன்றாக, அவை கிழங்குடன் சேரும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டி நீக்கப்படுகின்றன. ஒவ்வோர் உறையின் கக்கத்திலும் உள்ள மொட்டு இதனால் வெளிப்படுகின்றது.
3. கிழங்கு ஓரிரு நாட்கள் நிழலில் உலர்த்தப்படுகின்றது.
4. உச்சியில் உள்ள வளர்நுனி சிலுவை வடிவில் ஆழமாகக் கீறப்படுகின்றது. நுனி ஆதிக்கம் நீங்குவதால் பக்க மொட்டுகள் விழித்தெழுகின்றன.
5. கிழங்குகள் நெகிழித்தாளால் மூடப்பட்ட பெட்டி போன்ற முளைப்பறையில், ஈரமான மரத்தூளுக்குள் புதைக்கப்படுகின்றன. முளைப்பறையின் மேல் நிழல் அமைக்கப்படுகின்றது.
6. ஏறத்தாழ மூன்று, நான்கு கிழமைகளில் முளைகள் தோன்றுகின்றன. இம்முளைகளின் அடிப்பகுதியையும் மீண்டும் கீறினால் ஒவ்வொன்றில் இருந்தும் மேலும் பல முளைகள் கிளைக்கின்றன.
7. சில இலைகள் விரிந்ததும் நாற்றுகள் கூரிய கத்தியால் பிரிக்கப்பட்டு, மண்ணும் எருவும் கலந்த பைகளுக்கு மாற்றப்படுகின்றன.

வகைக்கும் பராமரிப்புக்கும் ஏற்ப, ஒரு கிழங்கில் இருந்து பத்து முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாற்றுகள் வரை பெறப்படுகின்றன. கிழங்கைப் புதைப்பது முதல் வயலில் நடுவது வரை நான்கைந்து மாதங்கள் ஆகும்.

இம்முறைக்கு மரத்தூள் தெரிவு செய்யப்பட்டதற்குப் பல காரணங்கள் உள்ளன. அது இலேசானது, முளையை முறிக்காமல் கிழங்கை வெளியே எடுத்துப் பார்த்து, மீண்டும் புதைக்க இடமளிக்கின்றது. ஈரத்தைப் பிடித்து வைத்தாலும் காற்றை அடைப்பதில்லை. மண்ணில் வாழும் நூற்புழுக்கள் அதில் இயல்பாக இருப்பதில்லை. மர அறுவை ஆலைகளில் கழிவாகக் கிடைப்பதால் செலவும் குறைவு. ஆனால் எல்லா மரத்தூளும் ஏற்றதன்று. வெண்ணிற மென்மரங்களின் தூளே விரும்பப்படுகின்றது. செந்நிற வன்மரங்களில் உள்ள தனின்களும் பிசின்களும் வேர் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். பூச்சிக்கொல்லியோ மரப்பாதுகாப்பு மருந்தோ ஏற்றப்பட்ட மரங்களின் தூளும் தவிர்க்கப்படுகின்றது.

ஆய்வுக்கூட ஊடகம்

இழைய வளர்ப்பில் கன்றின் வளர்நுனிப் பகுதி மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, கிருமிநீக்கிய கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கப்படுகின்றது. வாழையில் இத்தகைய வளர்ப்பைப் பற்றிய தொடக்ககால ஆய்வு 1972 ஆம் ஆண்டில் தைவானில் இருந்து வெளிவந்தது. வாடல் நோயால் பாதிக்கப்பட்ட தைவானின் வாழைத் தோட்டங்களுக்கு 1980களில் இழைய வளர்ப்பு நாற்றுகள் பேரளவில் வழங்கப்பட்டன.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது முராசிகே - இசுக்கூக்கு ஊடகம் ஆகும். தோசியோ முராசிகே, போல்க்கே இசுக்கூக்கு ஆகிய இருவரும் புகையிலை இழையங்களுக்காக இதனை உருவாக்கி 1962 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு இலீட்டர் ஊடகத்தில் உள்ள முதன்மையான உப்புகள்:

- பொட்டாசியம் நைத்திரேற்று - 1900 மில்லிகிராம்
- அமோனியம் நைத்திரேற்று - 1650 மில்லிகிராம்
- கல்சியம் குளோரைடு (நீரேறியது) - 440 மில்லிகிராம்
- மக்னீசியம் சல்பேற்று (நீரேறியது) - 370 மில்லிகிராம்
- பொட்டாசியம் இருஐதரசன் பொசுபேற்று - 170 மில்லிகிராம்

இவற்றுடன் இரும்பு முதலிய நுண்ணூட்டங்கள், உயிர்ச்சத்துகள், இலீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை ஆகியன சேர்க்கப்படுகின்றன. குடுவைக்குள் உள்ள இழையம் போதிய அளவு ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. ஆகவே அதற்குச் சர்க்கரையே ஆற்றல் மூலம். அமில காரச் சுட்டெண் 5.8 அளவுக்குச் சரிசெய்யப்பட்டு, கடற்பாசியில் இருந்து பெறப்படும் அகார் சேர்த்துக் கூழாக்கப்படுகின்றது. பின்னர் 121 பாகை செல்சியசு வெப்பநிலையில் அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றது.

மொட்டுகள் பெருகுவதற்குச் சைட்டோகைனின் வகை வளரூக்கியான பென்சைல் அடினின் சேர்க்கப்படுகின்றது. இலீட்டருக்கு 2.25 மில்லிகிராம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. பெருக்கத்தை விரைவுபடுத்த இதன் பத்து மடங்கு வரையும் பயன்படுத்துவதுண்டு. வேர்விடும் கட்டத்தில் ஆக்சின் வகை வளரூக்கிகளும், சில வேளைகளில் தூண்டப்பட்ட கரியும் சேர்க்கப்படுகின்றன. வாழை இழையத்தை வெட்டும்போது வெளிப்படும் பீனோல் சேர்மங்கள் காற்றுப்பட்டுக் கருமையாகி ஊடகத்தைக் கெடுப்பதால், அசுக்கார்பிக் அமிலம் போன்ற ஒட்சியேற்றத் தடுப்பிகளைச் சேர்ப்பதும், அடிக்கடி புதிய ஊடகத்துக்கு மாற்றுவதும் வழக்கம்.

அகாரின் விலை மிகுதியாகையால் சவ்வரிசி, மரவள்ளி மாவு போன்ற மாப்பொருட்கள் மாற்றாக ஆராயப்பட்டுள்ளன. தூய சுக்குரோசுக்குப் பதிலாகக் கடைச் சர்க்கரையும் பயன்படுகின்றது. கூழாக்கும் பொருளே இல்லாமல், திரவ ஊடகத்தில் இழையத்தை நாளொன்றுக்குச் சில தடவை சில நிமிடங்கள் மட்டும் மூழ்கவைக்கும் இடைவிட்ட மூழ்கல் முறை 1990களில் வளர்ச்சி பெற்றது. எப்போதும் மூழ்கியிருக்கும் இழையம் மூச்சுத்திணறிக் கண்ணாடி போன்று மாறிவிடும் குறை இதில் தவிர்க்கப்படுகின்றது.

பெருக்கத்துக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் ஆய்வுக்கூட ஊடகம் பயன்படுகின்றது. பெல்சியத்தின் இலூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழை மரபுவளத் தொகுப்பில் 1,500க்கும் மேற்பட்ட வாழை மாதிரிகள் உள்ளன. இங்கு நாற்றுகள் ஏறத்தாழ 16 பாகை செல்சியசில், வளர்ச்சி மெதுவாக நடைபெறுமாறு சோதனைக் குழாய்களில் பேணப்படுகின்றன.

கடினப்படுத்தல்

குடுவையில் வளர்ந்த நாற்றை நேரடியாக வயலில் நட்டால் அது சில மணி நேரத்தில் வாடிவிடும். குடுவையின் நிறைந்த ஈரப்பதத்தில் வளர்ந்த இலைகளில் மெழுகுப்படலம் மெல்லியதாக இருக்கும்; இலைத்துளைகள் சரிவர மூடுவதில்லை; வேர்களும் நீரை உறிஞ்சும் திறன் குறைந்தவை. இந்நாற்றுகளைப் படிப்படியாக வெளிச்சூழலுக்குப் பழக்குவது கடினப்படுத்தல் எனப்படும்.

முதல் நிலையில், வேர்களில் ஒட்டியுள்ள அகார் நன்கு கழுவப்படுகின்றது. அதில் எஞ்சும் சர்க்கரை பூஞ்சைகளுக்கு உணவாகும் என்பதால் இது இன்றியமையாதது. பின்னர் தென்னைநார்க் கழிவு, முற்றா நிலக்கரி, மணல் போன்றவை நிரப்பிய குழித்தட்டுகளில் நட்டு, ஈரப்பதம் மிகுந்த பசுமைக்குடிலில் நான்கு முதல் ஆறு கிழமைகள் வைக்கப்படுகின்றன. இரண்டாம் நிலையில், மண், மணல், தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்த பைகளுக்கு மாற்றி, நிழல்வலைக் குடிலில் மேலும் ஐந்தாறு கிழமைகள் வளர்க்கப்படுகின்றன. நடவுக்கு ஏற்ற நாற்று ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் ஐந்து அல்லது ஆறு விரிந்த இலைகளும் கொண்டிருக்கும்.

ஊடகப் பொருட்கள்

தென்னைநார்க் கழிவு

தேங்காய் மட்டையில் இருந்து நார் பிரிக்கும்போது உதிரும் பஞ்சு போன்ற துகள் இதுவாகும். தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடிப்பதுடன், போதிய காற்றிடைவெளியும் கொண்டது. இந்தியாவும் இலங்கையும் இதன் முதன்மையான உற்பத்தி நாடுகள். உவர்நீரில் ஊறவைத்த மட்டைகளில் இருந்து பெறப்படும் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். நன்னீரில் பலமுறை கழுவியபின் பயன்படுத்த வேண்டும். கழுவிய பின்னும் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை நீக்கக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைப்பதுண்டு. இதில் இலிக்னின் மிகுதியாதலால் தானாக மட்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளானைப் பயன்படுத்தி இதனை விரைவாக மட்கச் செய்யும் முறையைப் பரிந்துரைக்கின்றது. இதன்படி ஒரு தொன் கழிவுக்கு 5 கிலோகிராம் யூரியாவும், காளான் வித்தும் அடுக்கடுக்காக இடப்படுகின்றன.

முற்றா நிலக்கரி

குளிர்நாட்டுச் சதுப்புநிலங்களில் பாசிகள் முழுமையாக மட்காமல் படிந்து உருவானது. சீரான தன்மையும் தூய்மையும் உடையதாயினும், அமிலத்தன்மை மிகுந்ததால் சுண்ணாம்பு சேர்த்தே பயன்படுத்தப்படுகின்றது. வாழை விளையும் வெப்பமண்டல நாடுகளுக்கு இது பெரும்பாலும் இறக்குமதிப் பொருள். அத்துடன், இதனை அகழ்வதால் சதுப்புநிலங்களில் தேங்கியுள்ள கரிமம் காற்றில் கலக்கின்றது என்பதால் இதன் பயன்பாடு விமர்சிக்கப்படுகின்றது. தென்னைநார்க் கழிவு இதற்கு மாற்றாக விளங்குகின்றது.

உமியும் உமிக்கரியும்

நெல் விளையும் பகுதிகளில் எளிதில் கிடைப்பவை. உமி ஊடகத்தின் காற்றோட்டத்தைக் கூட்டினாலும் நீரைப் பிடிப்பதில்லை. எனவே தனித்துப் பயன்படுவதில்லை. அதில் தங்கியிருக்கும் நெல்மணிகள் முளைப்பதும் உண்டு. கரியாக்கிய உமி கிருமியற்றது, நீரையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் சாம்பல் கலந்திருந்தால் காரத்தன்மை உயரும்.

மணலும் மண்ணும்

ஆற்று மணல் நீர் வடிதலை எளிதாக்குகின்றது. ஊட்டம் எதுவும் தருவதில்லை. மண் ஊட்டத்தையும் எடையையும் தருகின்றது. எனினும் நோய்க்காரணிகளைக் கொண்டுவரும் வாய்ப்பு இதிலேயே மிகுதி. பைகளின் எடை கூடுவதால் போக்குவரத்துச் செலவும் கூடுகின்றது.

தொழுவுரமும் மண்புழு உரமும்

பிரிக்கப்பட்ட நாற்றுகளுக்கு ஊட்டம் அளிக்க இவை சேர்க்கப்படுகின்றன. நன்கு மட்காத தொழுவுரம் வெப்பத்தையும் அம்மோனியாவையும் வெளியிட்டு இளவேர்களைக் கருக்கிவிடும்.

பெர்லைட்டும் வெர்மிகுலைட்டும்

எரிமலைக் கண்ணாடிப் பாறையையும் அபிரக வகைக் கனிமத்தையும் உயர் வெப்பத்தில் பொரியச் செய்து பெறப்படுபவை. இலேசானவை, கிருமியற்றவை. விலை மிகுதியாதலால் பெரிய நிறுவனங்களின் நாற்றங்கால்களிலேயே காணப்படுகின்றன.

தொற்றுநீக்கல்

மரத்தூளும் மண்ணும் பயன்படுத்துமுன் வெப்பமூட்டப்படுவது வழக்கம். உலோகப் பீப்பாயின் அடியில் நீரூற்றி, அதற்கு மேல் சல்லடைத் தட்டில் ஊடகத்தை வைத்து ஆவியில் வேகவைப்பது சிற்றூர்களில் செய்யக்கூடிய முறையாகும். ஊடகம் முழுவதும் ஏறத்தாழ 70 பாகை செல்சியசை அடைந்து அரைமணி நேரம் நிலைத்தால் பெரும்பாலான நோய்ப் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் அழிகின்றன. மண்ணை அளவுக்கு மீறி வெப்பமூட்டினால் மங்கனீசு நச்சளவுக்கு விடுபடலாம். நன்மை தரும் நுண்ணுயிர்களும் முற்றாக அழிந்து, பின்னர் வந்துசேரும் நோய்க்காரணி எதிர்ப்பின்றிப் பெருகவும் கூடும்.

கோடைக்காலத்தில் ஈரமான ஊடகத்தின் மேல் ஒளி ஊடுருவும் நெகிழித்தாளை நான்கு முதல் ஆறு கிழமைகள் மூடி வைக்கும் வெயிலூட்டல் முறைக்கு எரிபொருள் தேவையில்லை. மழைக்காலங்களிலும் மேகமூட்டமுள்ள பகுதிகளிலும் இது பயன் தராது.

ஊடகம் தூய்மையாக இருந்தாலும் கிழங்கு தூய்மையற்றதாக இருந்தால் பயனில்லை. சீவிய கிழங்கை ஏறத்தாழ 55 பாகை செல்சியசு வெந்நீரில் 20 நிமிடங்கள் அமிழ்த்துவது நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தும். வெப்பமானி இல்லாத உழவர்களுக்காக, கொதிக்கும் நீரில் 30 நொடிகள் மட்டும் அமிழ்த்தும் எளிய முறையை நைசீரியாவின் இபாதானைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. நீர் கொதிப்பதைக் கண்ணால் அறியலாம் என்பதே இதன் சிறப்பு.

நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்

இழைய வளர்ப்பு நாற்று நுண்ணுயிர்கள் அற்ற சூழலில் வளர்ந்தது. இதனால் அதன் வேர்கள் மண்ணுக்கு வந்தவுடன் வாடல் நோய்க்கும் நூற்புழுக்களுக்கும் எளிதில் இரையாகின்றன. நோயுற்ற மண்ணில் நட்டபோது, கன்றுகளைவிட இழைய வளர்ப்பு நாற்றுகள் தொடக்க மாதங்களில் கூடுதலாகப் பாதிக்கப்படுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இதனை ஈடுசெய்யும் பொருட்டு, கடினப்படுத்தும் ஊடகத்தில் திரைக்கோடெர்மா பூஞ்சை, பேசில்லசு, சூடோமோனாசு பாக்டீரியாக்கள், வேர்ப்பூஞ்சைகள் ஆகியன கலக்கப்படுகின்றன. வேர்ப்பூஞ்சைகள் பொசுபரசு உறிஞ்சுதலுக்கு உதவுகின்றன. ஊடகத்தில் பொசுபரசு உரம் மிகுந்திருந்தால் அவை வேரில் நன்கு குடியேறுவதில்லை.

நாற்றும் நோய்ப்பரவலும்

வாழையின் பெருநோய்கள் பலவும் நடவுப் பொருட்கள் வழியாகவே நாடுவிட்டு நாடு சென்றுள்ளன. முடிக்கொத்து நோய் 1913 ஆம் ஆண்டளவில் இலங்கையை அடைந்தது. அங்கிருந்து 1940 ஆம் ஆண்டளவில் கேரளப் பகுதிக்குப் பரவியது. வாழை அசுவினி ஒரு தோட்டத்துக்குள் இந்நோயைப் பரப்பினாலும், கடல் கடந்து அதைக் கொண்டுசென்றவை கன்றுகளே. தமிழ்நாட்டின் கீழ்ப்பழனி மலைகளில், மணத்துக்கும் நெடுநாள் கெடாத தன்மைக்கும் பெயர்பெற்ற விருப்பாச்சி மலைவாழை இந்நோயால் பேரழிவைச் சந்தித்தது. அதனை மீட்கும் பொருட்டு, வைரசு நீங்கிய இழைய வளர்ப்பு நாற்றுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தால் உருவாக்கப்பட்டன. விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரு மலைவாழைகளும் 2008 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன.

ஊடகத்தின் தூய்மையால் தடுக்கக்கூடியவற்றையும் தடுக்க முடியாதவற்றையும் வேறுபடுத்தி அறிவது முதன்மையானது. கிழங்கின் மேற்பரப்பிலும் வேரிலும் மண்ணிலும் வாழும் கூன்வண்டு, நூற்புழு போன்றவற்றைச் சீவுதல், வெந்நீர், தூய ஊடகம் ஆகியவற்றால் பெருமளவு நீக்கலாம். ஆனால் சாறு வழியே செடி முழுவதும் பரவியிருக்கும் வைரசுகளை இவை நீக்குவதில்லை. முடிக்கொத்து வைரசு உள்ள ஒரு கிழங்கை மரத்தூளில் இட்டால், அதிலிருந்து கிடைக்கும் ஐம்பது நாற்றுகளும் நோயைச் சுமந்தவையாகலாம். 2010களின் தொடக்கத்தில் இந்நோய் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், நைசீரியா ஆகிய நாடுகளில் கண்டறியப்பட்டது. அதன்பின் தாய்மரங்களைத் தெரிவு செய்வது பேரளவுப் பெருக்கத்தின் மிக இன்றியமையாத படியாகக் கருதப்படுகின்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 2001 ஆம் ஆண்டு உகாண்டாவில் கண்டறியப்பட்டுப் பரவிய சாந்தோமோனாசு பாக்டீரிய வாடலுக்கும் இது பொருந்தும். அந்நோய் கன்று வெட்டும் கத்தியாலும் பரவுகின்றது.

இழைய வளர்ப்பும் தானாகவே வைரசை நீக்கிவிடுவதில்லை. தாய்ச்செடி சோதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே நாற்று நம்பத்தக்கது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 ஆம் ஆண்டில் இழைய வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. இதன்கீழ் வாழை நாற்றுகள் முடிக்கொத்து வைரசு, வெள்ளரித் தேமல் வைரசு, பூவடிச்செதில் தேமல் வைரசு, கீற்று வைரசு ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படுகின்றன. இவற்றுள் கீற்று வைரசு தனித்தன்மை வாய்ந்தது. பல்பிசியானா மரபுத்தொகுதி கொண்ட சில வாழைகளின் மரபணுவுக்குள்ளேயே இவ்வைரசின் வரிசைகள் பொதிந்துள்ளன. இழைய வளர்ப்பின் அழுத்தம் அவற்றைச் செயற்படத் தூண்டக்கூடும்.

தமிழ்நாட்டில்

திருச்சிராப்பள்ளியில் 1993 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், மரத்தூளையும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் பயன்படுத்தும் பேரளவுப் பெருக்க முறைகளை ஆய்ந்து உழவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகின்றது. தேனி முதலிய மாவட்டங்களில் பரவலாகப் பயிரிடப்படும் கிராண்ட் நைன் எனப்படும் 'ஜி-9' வகை பெரும்பாலும் இழைய வளர்ப்பு நாற்றுகளாகவே நடப்படுகின்றது. மாறாக நேந்திரன், பூவன், இரசுதாளி, கற்பூரவல்லி போன்ற வகைகளில் பக்கக் கன்றுகளின் பயன்பாடு இன்றும் உள்ளது. வணிக ஆய்வுக்கூடங்கள் பேரளவில் விற்பனையாகும் சில வகைகளிலேயே கவனம் செலுத்துவதால், உள்ளூர் வகைகளின் தூய நாற்றுகளைப் பெறப் பேரளவுப் பெருக்க முறை பயன்படும் எனக் கருதப்படுகின்றது. தென்னைநார்க் கழிவு எளிதாகக் கிடைப்பதால், இங்குள்ள நாற்றங்கால்களில் குழித்தட்டு ஊடகமாக அதுவே பெரிதும் பயன்படுகின்றது.

குறைபாடுகள்

- மரத்தூள் முறையில் ஈரத்தின் அளவைக் கட்டுப்படுத்தத் தவறினால் கிழங்குகள் அழுகிவிடும். நீர் மிகுதியே தொடக்கநிலைத் தோல்விகளுக்கு முதன்மையான காரணமாகும்.
- மரத்தூளின் தன்மை மரத்துக்கு மரம் வேறுபடுவதால், ஓரிடத்தில் கிடைத்த விளைச்சல் வேறிடத்தில் கிடைப்பதில்லை.
- நோய்ப்பட்ட கிழங்கு இருந்த மரத்தூளை மீண்டும் பயன்படுத்தினால், அடுத்த தொகுதிக்கும் நோய் பரவும்.
- ஆய்வுக்கூட ஊடகத்தில் வளரூக்கி மிகுந்தாலும், மறுவளர்ப்புச் சுழற்சிகள் கூடினாலும் இயல்பு மாறிய செடிகள் தோன்றும். கவெண்டிசு வகைகளில் குட்டையான செடிகள் இவ்வாறு மிகுதியாகத் தோன்றுகின்றன. எனவே ஒரு வளர்நுனியில் இருந்து செய்யப்படும் சுழற்சிகள் எட்டளவில் நிறுத்தப்படுகின்றன.
- கடினப்படுத்தும் காலத்தைக் குறைத்து விற்கப்படும் நாற்றுகள் வயலில் மடிகின்றன. இவ்விழப்பு உழவரையே சேர்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- வாழை
- இழைய வளர்ப்பு
- பனாமா வாடல் நோய்
- தென்னைநார்
- பதியமுறை இனப்பெருக்கம்